பெட்டியோடு வந்த கடவுச்சொல்

புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டி, பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த நேர்கோட்டு வீதிகளிலுள்ள பழைய மாளிகைகளுள் பல இன்று விருந்தினர் விடுதிகளாகிவிட்டன. அவற்றின் கூடத்து மூலையில் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும் இன்டர்நெட் மோடத்தைத் திருப்பிப் பார்ப்போமானால், பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல்லும் 'அட்மின்' என்று அச்சிட்ட சீட்டை அடிப்புறத்தில் காண்பது அரிதன்று. தொழிற்சாலையில் பொதுவாக இட்ட அந்தச் சொல்லை வாங்கியவர் மாற்றுவதில்லை; மாற்றவேண்டும் என்று அவருக்குச் சொல்வாரும் இல்லை.

இதன் விளைவு 2017 ஜூலை இறுதியில் வெளிப்பட்டது. பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். வாடிக்கையாளர்களின் மோடங்கள் ஆயிரக்கணக்கில் முடங்கின. 'பிரிக்கர்பாட்' என்னும் நிரல், வெளியிலிருந்து எட்டும்படி விடப்பட்ட மோடங்களில் வழக்கமான கடவுச்சொற்களைக் கொண்டு புகுந்து, அவற்றின் நினைவகத்தையே சிதைத்தது. அதை ஏவியதாக உரிமை கொண்டாடிய 'ஜானிட்டர்' என்ற புனைபெயர்க்காரர் ஒரு நியாயமும் கூறினார். 2016 அக்டோபர் 21 அன்று, அறுபது சொச்சம் கடவுச்சொற்களை மட்டுமே கைக்கொண்டு கேமராக்களையும் மோடங்களையும் வசப்படுத்திய 'மிராய்' என்னும் நிரல், இணையதளப் பெயர்களுக்கு வழிகாட்டும் அமெரிக்காவின் டைன் நிறுவனத்தைத் தாக்கி ட்விட்டர் முதலிய தளங்களை மணிக்கணக்கில் முடக்கியதல்லவா? அத்தகைய பெட்டிகள் தீயோர் கையில் ஆயுதமாகுமுன் அவற்றை அழித்துவிடுவதே லோகோபகாரம் என்பது அவர் வாதம்.

இதை நான் ஏற்கேன். நெருப்புப் பிடிக்கலாம் என்று அஞ்சி அயலான் கூரையைப் பிரித்தெறிபவனை எந்த ஊரும் மெச்சாது. முடங்கிய மோடம் ஒரு மளிகைக் கடைக்காரருடையதாகவோ, தேர்வுக்கு விண்ணப்பிக்க இருந்த மாணவியுடையதாகவோ இருந்திருக்கலாம். சம்மதம் கேட்கப்படாத அவர்களே அந்தச் சிகிச்சைக்கு விலை கொடுத்தார்கள். 2012-இல் சுமார் 4,20,000 பெட்டிகளில் இவ்வாறே புகுந்து, எதையும் அழிக்காமல் உலக இன்டர்நெட்டையே கணக்கெடுத்த பெயர் தெரியாத ஆராய்ச்சியாளரின் செயலும், அறிவுக்குப் பயன்பட்டதாயினும், அனுமதியற்ற பிரவேசமே. தன் சொந்தப் பெட்டியில் சோதித்து, கண்ட குறையைத் தயாரிப்பாளருக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்புக்கும் அந்தரங்கமாக அறிவித்து, திருத்த அவகாசம் தந்த பின்னரே ஊரறியச் சொல்வது ஆராய்ச்சியாளனின் தர்மம்.

அவ்வாறு நடப்பவருக்கு நம் சட்டம் தரும் ஆதரவோ போதாது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, அனுமதியின்றி நுழைந்தவர் நஷ்டஈடு தரவேண்டும் என்கிறதேயன்றி, நல்லெண்ணத்தோடு சோதித்தவருக்கென்று தனி விலக்குக் கூறவில்லை. பிரெஞ்சு சிவில் சட்டம் இன்றும் சில குடும்பங்களுக்குச் செல்லும் புதுச்சேரியாருக்கு, பிரான்ஸ் 2016-இல் செய்த ஏற்பாட்டைச் சொல்லவேண்டும்: குறையை நல்லெண்ணத்தோடு 'ஆன்சி' என்னும் அரசு அமைப்புக்கு மட்டும் தெரிவிப்பவரின் பெயரை அவ்வமைப்பு ரகசியமாகக் காக்கும், வழக்குத் தொடுப்போரிடம் அவரைக் காட்டிக்கொடுக்கும் கடமையும் அதற்கில்லை.

2017 முடக்கத்தின்போது பி.எஸ்.என்.எல். தன் வாடிக்கையாளர்களிடம், கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டது. அவசியமான யோசனைதான், ஆயினும் ஒரே சொல்லைப் பெட்டி பெட்டியாகப் பொறித்து விற்றவரை விட்டுவிட்டு, ஆங்கிலம் அறியாத முதியவர் மீது பொறுப்பைச் சுமத்துவது நியாயமாகாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் எல்லாப் பெட்டிக்கும் பொதுவான கடவுச்சொல்லோடு விற்பதற்கே தடை. அத்தகைய தடை இங்கும் கண்டிப்பாக அமுலாகவேண்டும். ஏற்கெனவே விற்ற பெட்டிகளை விற்றவரே தம் செலவில் திருத்தித் தரவேண்டும்.