வாசலும் வெளியும்: ஒரு தலைமையிடத்தை வாசித்தல்

ஒரு சமய இயக்கம் தனக்கென்று தலைமையிடம் கட்ட முடிவு செய்ததும் கட்டடம் வரைகிறவரிடம் சொல்கிற முதல் வாக்கியம் பெரும்பாலும் இதுதான்: "எங்க கொள்கை பார்த்த உடனே தெரியணும்." அவரும் நாலு நாள் யோசித்து ஓர் உருவத்தோடு வருவார். தாமரை, திறந்த புத்தகம், கூப்பிய கை, விளக்கு. எல்லோருக்கும் திருப்தி. கொள்கை கான்கிரீட்டில் வந்தாயிற்று.

கட்டடமும் ஒரு பிரதிதான், வாசிக்கலாம். ஆனால் எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது? உருவம் என்பது ஓர் இயக்கம் தன்னைப் பற்றித் தானே பேசிக்கொள்வது. அதே இயக்கம் பிறரை எப்படி நடத்துகிறது என்பதை வாசல்தான் சொல்கிறது. யார் எதுவரை வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும், உள்ளே வர என்ன சான்று காட்ட வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. எனவே வாசலிலிருந்து வாசித்துப் பார்ப்போம்.

அடையாறில் 1882இல் தோட்ட வீடு ஒன்றை வாங்கிய பிரம்மஞான சபை, தன் தலைமையிட மண்டபத்துச் சுவரில் பல மதங்களின் சின்னங்களை வரிசையாகப் பதித்தது. 1921இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஏசுதாசனும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம் தன் ஜெபாலயத்தைத் திராவிடக் கோயில் பாணியில் கோபுரம் வைத்துக் கட்டியது. இரண்டும் நேர்மையான முயற்சிகள். ஒன்றில் சமரசம், மற்றதில் மண்ணோடு ஒட்டுதல். ஆனாலும் இரண்டுமே உருவத்தின் வழியாகச் சொல்லப்பட்டவை. சின்னங்களை வரிசையாக வைத்துவிட்டால் மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்களா? கோபுரம் வைத்த தேவாலயம், அந்தக் கோபுரத்துக்கு வெளியே தலைமுறை தலைமுறையாக நிறுத்தப்பட்டவனுக்கு என்ன சொல்லும்? அந்த மொழி அவனுக்கு அந்நியமில்லை. அது அவனை விலக்கிய மொழி. சிக்கலே அங்கேதான்.

வேறொரு வழியில் கட்டப்பட்ட தலைமையிடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1993இல் தென்னார்க்காடு பிரிக்கப்படும்வரை கள்ளக்குறிச்சியும் வடலூரும் ஒரே மாவட்டம். ஒரிசாவையும் சென்னை மாகாணத்தின் வடபகுதியையும் வாட்டிய 1866 பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1867 மே 23 அன்று, வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த எண்பது காணி நிலத்தில் முதலில் எழுந்தது சோறு போடும் இடம். சங்கம் அதற்கும் இரண்டு வருஷம் முன்பே, 1865இல், தோன்றிவிட்டது. வழிபாட்டுக்கான சத்திய ஞான சபையோ 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்றுதான் திறக்கப்பட்டது. அடுப்புக்கும் விளக்குக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். ஓர் இயக்கம் எதை முதலில் கட்டுகிறது, எதைக் காக்க வைக்கிறது என்பதைவிடத் தெளிவான கொள்கை விளக்கம் வேறென்ன வேண்டும்?

சாலையின் வாசல் விதி எளிமையானது. பசித்தவர் என்றால் போதும். நாடு, சமயம், சாதி, நடத்தை எதையும் விசாரிக்காமல் பசியாற்ற வேண்டும் என்பது ஜீவகாருண்ய ஒழுக்கத்தின் அடிப்படை. நடத்தையும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். இன்றைய தர்ம ஸ்தாபனங்கள்கூட அவ்வளவு தூரம் போவதில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

சபை எண்கோணக் கட்டடம். உள்ளே சிற்சபை, பொற்சபை. தில்லையின் பெயர்களை எடுத்துக்கொண்டு தில்லைக்கே ஒரு மாற்றுப் பிரதி எழுதுகிறார் வள்ளலார். அங்கே திரைக்குப் பின்னால் ரகசியம். இங்கே கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று ஏழு திரைகள்; தைப்பூசத்தன்று ஏழும் விலக, கண்ணாடிக்கு முன் எரியும் சோதி தெரியும். உள்ளே போய்த் துப்புரவு செய்து விளக்கு வைக்கிறவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவராகவோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்று விதி வைத்தார். பிறப்பால் வருகிற அர்ச்சகர் அதிகாரத்தை ஒரு வயது வரம்பு ஓசையில்லாமல் உடைத்துப்போடுகிறது. தலைவருக்கும் இங்கே ஆசனம் இல்லை. சபை கட்டப்படும் முன்பே, 1870இல், அவர் மேட்டுக்குப்பத்துக்குக் குடிபோய்விட்டார்.

இந்த அமைப்பு தானாகவே தன்னைக் காத்துக்கொண்டதா என்றால் இல்லை. லிங்கமும் ஆகம வழிபாடும் பிற்பாடு உள்ளே நுழைந்தன. 2006இல் அறநிலையத் துறை அதைத் தடுத்து உத்தரவு போட்டு, 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. எண்கோணம் அப்படியே இருக்க, அதற்குள் பழைய அதிகாரம் வந்து உட்கார முடிந்தது. உருவத்தால் கொள்கையைக் காப்பாற்ற முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சபையின் வாசலுக்கும் ஒரு விதி உண்டு. புலை கொலை தவிர்த்தவர்களே உள்ளே புக வேண்டும். இதைப் பேசாமல் தாண்டிப் போவது பக்தருக்குச் சரியாக இருக்கலாம், நமக்குச் சரிப்படாது. பிறப்பால் யாரையும் தடுக்கவில்லை, புலால் விட்டவர் யாரும் வரலாமே என்பார்கள். வள்ளலாரின் சாதி மறுப்பு உண்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சாதிச் சமூகத்தில் உணவு ஓர் அடையாளக் குறி. வாசல் உணவைக் கேட்கும். ஊர் அந்தப் பதிலில் சாதியைப் படித்துக்கொள்ளும். தலித்துகளும் பழங்குடிகளும் 'விட்டால்' வரலாம் என்றால், மற்றவர் சும்மா வரும் இடத்துக்கு இவர்கள் எதையோ உதறிவிட்டு வர வேண்டும் என்றாகிறது.

இந்த முரணைச் சமன் செய்வதாக நான் வாசிப்பது மூன்றாவது இடத்தை: பெருவெளியை. தைப்பூசத்தன்று லட்சக்கணக்கானவர் திறந்த வெளியில் நின்றே சோதியைப் பார்க்கிறார்கள். அங்கே யாரும் யாரையும் "கறி தின்பியா?" என்று கேட்பதில்லை. சாலைக்குப் பசி என்ற வாசல், சபைக்கு விரதம் என்ற வாசல். பெருவெளிக்கு வாசலே கிடையாது. சபை தடுத்து நிறுத்துகிறவரைப் பெருவெளி சேர்த்துக்கொள்கிறது. ஆக அந்தக் காலி இடமும் தலைமையிடத்தின் ஓர் உறுப்பு. கட்டாமல் விட்டதும் வடிவமைப்புதான்.

2024 பிப்ரவரியில் தமிழக அரசு ஏறத்தாழ 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டியது. ஏப்ரலில் பள்ளம் தோண்டியபோது பார்வதிபுரம் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். எங்கள் முன்னோர் கொடுத்தது வெளியாகவே இருப்பதற்கு என்பது அவர்கள் வாதம். வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று. கட்சிகள் அதில் தேடிய லாபம் ஒருபுறம் இருக்கட்டும். அரசின் தர்க்கத்தைப் பாருங்கள்: கொள்கை பெரிது, எனவே கட்டடமும் பெரிதாக இருக்கட்டும். நிலம் 'சும்மா' கிடக்கிறது. வெளியைக் குறையாகப் பார்க்கிற கண் இது. பார்வதிபுரத்துக்காரர்கள் அதை ஓர் அர்த்தமாகப் பார்த்தார்கள். கட்டடத்தைச் சரியாக வாசித்தது யார்?

இனி மலைக்கு வருவோம். கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறிப் போய் ஒரு சமய அமைப்பு தலைமையிடம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். எந்த மதமானாலும் சரி. கல்வராயன் மலையாளி மக்கள், 1976இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை மூன்று ஜாகீர்களின் பிடியில் கிடந்தவர்கள். பெரிய வீட்டு வாசலில் கைகட்டி நிற்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். காஞ்சியிலிருந்து கொண்டு வந்ததாக அவர்கள் சொல்லும் கரியராமனைக் கும்பிடுகிறார்கள்; அம்மனுக்கு ஆடு கோழி வெட்டிப் பங்கிட்டும் உண்கிறார்கள். அவர்களிடம் போய்த் தாமரை வடிவ மண்டபத்தையும் 'புலால் உண்போர் உள்ளே வரக் கூடாது' என்ற பலகையையும் காட்டினால், அவர்கள் படிப்பது பலகையை மட்டும்தான்.

கீழே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மதுவிலக்குப் பேசாத சமய அமைப்பு ஒன்றுண்டா? ஆனால் குடித்தவன் ராத்திரி பதினொரு மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால் எந்தத் தலைமையிடத்தின் கேட் திறக்கும்? நடத்தை விசாரியாதே என்ற சாலையின் விதிக்கு இதுதான் பரீட்சை.

ஆகவே, வரைபடம் கேட்கும் முன்பு ஓர் அமைப்பு தனக்குள் பேசித் தீர்க்க வேண்டியவை சில உண்டு. பணம் பாதியில் நின்றால் எது கட்டி முடிந்திருக்க வேண்டும், அடுப்பா மண்டபமா? ஒவ்வொரு வாசலிலும் என்ன கேள்வி கேட்கப்படும், பதில் சரியில்லாதவர் எங்கே நிற்பார்? நிலத்தில் எவ்வளவு கட்டாமல் விடப்படும், நாளைக்கு அதைக் கேட்டு வருகிற பெரிய மனிதரிடம் இல்லை என்று சொல்லப்போவது யார்? இவற்றுக்குப் பதில் வைத்திருக்கிற அமைப்பு ஓட்டுக் கொட்டகையில் இருந்தாலும் அதன் கொள்கை தெரியும். பதில் இல்லையென்றால், தாமரைக்கு எத்தனை இதழ் வைப்பது என்பதை மேஸ்திரியே முடிவு பண்ணிக்கொள்ளட்டும்.