கட்டுப்பல் செய்யும் தொழிலுக்குப் படிப்பது எப்படி?

பல் வைத்தியரிடம் போய்க் கட்டுப்பல் வைத்துக்கொண்டு வருகிறவர்கள், அதை அவரே செய்ததாகத்தான் நினைக்கிறார்கள். வைத்தியர் அச்செடுப்பார், அளவு பார்ப்பார், கடைசியில் வாயில் பொருத்துவார். நடுவில் அந்தப் பல்லைச் செய்து முடிப்பவர் ஆய்வுகூடத்தில் இருக்கும் பல் தொழில்நுட்பவியலாளர். பேச்சில் எல்லாரும் ‘டென்டல் டெக்னீசியன்’ என்பார்கள். லிந்துலை, அக்கரப்பத்தனை, தலவாக்கலைப் பக்கம் பரீட்சை எழுதிவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைகளில் பலருக்கு இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாது. அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே சொல்கிறேன்.

இந்தத் தொழிலுக்கு மலையகத்தில் வேலை இல்லாமல் போகாது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை போட்டுப் பழகிய பெரியவர்கள் தோட்டங்களில் ஏராளம். ஈறு கெட்டு, பல் ஆடி, ஒவ்வொன்றாக விழுந்த பிறகு ரொட்டியைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுக் காலம் தள்ளுகிறார்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். அதற்காக மேலண்ணத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவருக்கு, குடிக்கும் தண்ணீர் மூக்கு வழியாக வராமல் அந்த ஓட்டையை அடைக்கும் தகடு தேவை. அதையும் இந்த ஆய்வுகூடத்தில்தான் செய்கிறார்கள்.

யார் என்ன செய்கிறார்?

பல் வைத்தியம் சம்பந்தப்பட்ட வேலைகளைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். பல் வைத்தியர் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். பாடசாலைப் பல் சிகிச்சையாளர் பிள்ளைகளின் பற்களைப் பார்ப்பவர்; அவருக்கான பயிற்சிப் பாடசாலை மகரகமையில் இருக்கிறது. சிகிச்சை அறையில் வைத்தியருக்குக் கைகொடுப்பவர் உதவியாளர். தொழில்நுட்பவியலாளர் வைத்தியரின் எழுத்துக் குறிப்பைப் பார்த்துக் கட்டுப்பல், பல் உறை, பாலம், பல்லை நேராக்கும் கம்பித் தகடு ஆகியவற்றைச் செய்பவர். அவர் நோயாளியின் வாயில் கை வைப்பதில்லை. இலங்கையில் அந்த உரிமை மருத்துவப் பேரவையில் பதிந்த பல் வைத்தியருக்கே உண்டு. கடைத்தெருவில் அச்செடுத்து மலிவாகப் பல் கட்டிக் கொடுக்கிறவரிடம் தொழில் பழகலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முதல் பாடம்: பல்லின் வடிவம்

பயிற்சி பெரும்பாலும் செதுக்கலில் தொடங்கும். மெழுகுக் கட்டியையோ சவர்க்காரக் கட்டியையோ கொடுத்து, சின்னக் கத்தியால் ஒரு பல்லைச் செதுக்கச் சொல்வார்கள். மேல்வரிசையின் நடு முன்பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்குக்கு நேரே உள்ள நடுக்கோட்டுப் பக்கம் அதன் கீழ்மூலை கூராக இருக்கும். மறுபக்க மூலை கொஞ்சம் வட்டமாக மழுங்கியிருக்கும். வலப் பல் எது, இடப் பல் எது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். கீழ்வரிசையின் முதல் பெரிய கடைவாய்ப் பல்லில் பொதுவாக ஐந்து மேடுகள், அவற்றுக்கு நடுவே பள்ளங்கள். மேல்பல்லின் மேடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தால்தான் சோறு அரைபடும். இதையெல்லாம் கண்ணும் கையும் சேர்ந்து பழக மாதக்கணக்கு ஆகும்.

ஒரு முழுக் கட்டுப்பல் உருவாகும் விதம்

வைத்தியர் அல்ஜினேட் என்ற பசையில் அச்செடுப்பார். அது பழுப்பு நிறக் கடற்பாசியிலிருந்து வரும் பொருள். காற்றில் கிடந்தால் தண்ணீர் வற்றிச் சுருங்கிவிடும் என்பதால் தாமதிக்காமல் அதில் ஸ்டோன் ஊற்ற வேண்டும். ஸ்டோன் என்பது பிளாஸ்டரைவிடக் கெட்டியான ஜிப்சம் மா. 100 கிராம் ஸ்டோனுக்குச் சுமார் 30 மில்லிலீட்டர் தண்ணீர், சாதாரண பிளாஸ்டருக்குச் சுமார் 50. கண்மதிப்பில் தண்ணீரைக் கூட்டினால் இறுக நேரமாகும், இறுகிய பிறகும் பலம் இருக்காது. லிந்துலையின் காலைக் குளிரில் குழாய்த் தண்ணீரில் கலந்தால் இன்னும் மெதுவாகத்தான் இறுகும். அவசரப்பட்டு அச்சைப் பிரித்தால் மாதிரி உடைந்து வரும்.

அடுத்து மெழுகு வேலை. மேல் தாடையும் கீழ்த் தாடையும் சேரும் விதத்தை வைத்தியர் மெழுகில் பதித்து அனுப்புவார். மாதிரிகளை ஆர்ட்டிகுலேட்டர் என்ற, தாடைபோல அசையும் கருவியில் ஏற்றி, மெழுகின் மேல் பற்களை அடுக்க வேண்டும். மேலே 14, கீழே 14. முன்பற்கள் கொஞ்சம் முன்பின் ஆனாலும் பேச்சு மாறும். ‘த’ என்று சொல்லும்போது நாக்கு முன்பல்லின் பின்புறத்தில் படுகிறது. பல் இடம் மாறினால் ஒலியும் மாறுகிறது. பல் போனால் சொல் போச்சு என்று சும்மா சொல்லவில்லை. அதனால்தான் மெழுகில் இருக்கும்போதே வைத்தியர் அதை வாயில் வைத்துப் பார்த்து, நோயாளியைப் பேசச் சொல்லிக் கேட்கிறார்.

அது சரியானால், மெழுகோடு சேர்த்துப் பிளாஸ்க் என்ற உலோகப் பெட்டிக்குள் பிளாஸ்டரில் புதைத்து, கொதிநீரில் மெழுகைக் கரைத்து எடுக்கிறார்கள். பற்கள் பிளாஸ்டரில் அப்படியே நிற்கும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் அக்ரிலிக் மாவைப் பிசைந்து அடைத்து, இறுக்கிப் பிடித்து, சுடுநீரில் வேகவிடுகிறார்கள். வழக்கமான ஒரு முறை 74 பாகை செல்சியஸில் சுமார் இரண்டு மணி நேரம், பிறகு 100 பாகையில் ஒரு மணி நேரம். எடுத்த எடுப்பில் கொதிநீரில் போட்டால் அக்ரிலிக் இறுகும்போது வெளிவிடும் சூடும் சேர்ந்து, உள்ளே இருக்கும் மொனோமர் என்ற திரவம் கொதித்துக் குமிழியாகிவிடும். அந்த ஓட்டைகளில் அழுக்கும் கிருமியும் சேரும், பல்செட் சீக்கிரம் உடையும்.

இங்கே மலைநாட்டுக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் அது சுமார் 94 பாகைதான். தண்ணீர் கொதிக்கிறதே, 100 பாகை வந்துவிட்டது என்று அங்கே நினைக்கக் கூடாது. வெப்பமானியைத்தான் நம்ப வேண்டும். 74 பாகையிலேயே எட்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கும் இன்னொரு முறையும் இருக்கிறது. அதற்குக் கொதிநீர் வேண்டியதில்லை என்பதால் எந்த உயரத்திலும் அது கைகொடுக்கும். சொன்னதைச் சொன்னபடி செய்யும் கையை எந்தப் பட்டறையிலும் பழக்கிவிடலாம். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று தெரிந்த கை முறையான பயிற்சியில்தான் கிடைக்கும். பிழை எங்கே வந்தது என்று கண்டுபிடித்துத் திருத்த அப்படிப்பட்டவரால்தான் முடியும்.

உலோகமும் கணினியும்

உலோகப் பல் உறைக்கு முதலில் மெழுகில் உருச் செய்து, அதைச் சுற்றி அச்சுக் கட்டி, சூளையில் மெழுகை எரித்துவிட்டு உருகிய உலோகத்தைப் பாய்ச்சுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் ஐம்பொன் சிலை வார்ப்பதும் இந்த முறையில்தான். இப்போது சிர்கோனியா என்ற வெண்ணிறப் பீங்கான் பரவி வருகிறது. கணினியில் பல்லை வரைந்தால் இயந்திரம் கடைந்து தரும். சூளையில் சுமார் 1,500 பாகையில் வேகும்போது அது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்குவதால், அந்த அளவுக்குப் பெரிதாகவே கடைகிறார்கள். இயந்திரம் வந்துவிட்டால் கைவேலைக்கு என்ன மதிப்பு என்று பயப்பட வேண்டாம். திரையில் பல்லை வரைகிறவருக்கும் அந்த ஐந்து மேடுகளும் பள்ளங்களும் மனதில் பதிந்திருக்க வேண்டும்.

பயிற்சிக்கான வழிகள்

முதல் வழி அரசாங்கம். சுகாதார அமைச்சு தனக்குத் தேவையான பயிலுநர்களை வர்த்தமானியில் அறிவித்து எடுக்கிறது. பாடத் தகைமையும் வயதெல்லையும் அந்த அறிவித்தலிலேயே இருக்கும். தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு குறைவு என்பதால், சாதாரண தரத்திலேயே விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலமும் சிங்களமும் தெரிந்தால் பயிற்சியில் திணற வேண்டியிருக்காது.

இரண்டாவது, தனியார் ஆய்வுகூடமும் பயிற்சி நிலையமும். பணம் கட்டுவதற்கு முன் அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்ததா, பயிற்சி முடிவில் தேசிய தொழில் தகைமை கிடைக்குமா, கிடைத்தால் எத்தனையாம் மட்டம் என்று விசாரியுங்கள். அழகாக அச்சடித்த சான்றிதழ் வேறு, செல்லுபடியாகும் சான்றிதழ் வேறு. பல வருடம் வேலை பழகியும் கையில் பத்திரம் இல்லாதவர்களின் திறமையைச் சோதித்துத் தகைமை வழங்கும் ஏற்பாடும் இந்தத் தேசிய முறையில் இருக்கிறது.

மூன்றாவது இந்தியா. அங்கே 1948ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டம் இந்தத் தொழிலை ‘டென்டல் மெக்கானிக்’ என்று வகுத்துப் பதிவுக்கும் இடம் வைத்தது. படிப்பு இரண்டு வருடம். வெளிநாட்டு வேலையில் கண் வைப்பவர்களுக்கும் பத்திரம் முக்கியம். பிரித்தானியாவில் பொதுப் பல் மருத்துவப் பேரவையில் பதியாமல் டென்டல் டெக்னீசியனாக வேலை செய்ய முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

அக்ரிலிக்கைத் தேய்க்கும்போது பறக்கும் தூசியும், வார்ப்பு அச்சிலிருந்து வரும் சிலிக்காத் தூசியும் நுரையீரலுக்குக் கேடு. மொனோமர் தோலில் ஒவ்வாமை உண்டாக்கும், சட்டென்று தீயும் பிடிக்கும். முகக்கவசம், கண்ணாடி, தூசியை உறிஞ்சும் இயந்திரம், நல்ல காற்றோட்டம் இந்த நான்கும் இல்லாத இடத்தில் பயிற்சிக்குச் சேராதீர்கள்.

இந்த வேலை நமக்குச் சரிவருமா என்று தெரிந்துகொள்ளச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒரு சவர்க்காரக் கட்டியை எடுத்து, கண்ணாடியில் உங்கள் முன்பல்லைப் பார்த்துப் பார்த்து, அதைப்போல் மூன்று மடங்கு பெரிதாகச் செதுக்குங்கள். முதல் முறை சரியாக வராது. இரண்டாவதாக ஒன்றைச் செதுக்க மனம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அடுத்து வரும் வர்த்தமானி அறிவித்தலைத் தவறவிடாதீர்கள்.