வினாவும் விடையும் சான்றும்

வரலாற்றைப்பற்றி ஒரு வினா எழுப்புதல் எளிது. அதற்கு ஒரு விடை கூறுதலும் பலருக்கு எளிதாகவே தோன்றுகின்றது. கூறப்பட்ட விடை எதனை ஆதாரமாகக் கொண்டது என்று கேட்டு, வினாவியவருக்கும் விடையளித்தவருக்கும் நடுவே நடுவுநிலை பிறழாது நிற்பதே அரிய செயலாகும். பலர் கூடி வினாவிப் பலர் கூடி விடை தேடும் இடத்தில் அத்தகைய நடுவர் ஒருவர் இல்லையாயின், உரத்துப் பேசுபவரின் கூற்றே உண்மையென நிலைபெற்றுவிடும். இந்நடுவர் பணி எத்தகையது என்பதனை அறிய விரும்புவோர்க்கு வில்லியம் ஜோன் தொம்ஸ் என்னும் ஆங்கிலேயரின் வாழ்க்கை நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

தொம்ஸ் 1803ஆம் ஆண்டு பிறந்தவர். நாட்டார் வழக்குகளைக் குறிக்க ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'போக்லோர்' என்னும் சொல்லை 1846ஆம் ஆண்டில் ஆக்கியளித்தவர் அவரே. 1849ஆம் ஆண்டு நவம்பர் 3ஆந் திகதி அவர் இலண்டனில் ஒரு வார இதழைத் தொடங்கினார். 'குறிப்புகளும் வினாக்களும்' என்பது அதன் பெயரின் பொருள். பழைய கல்லறையொன்றின் வாசகத்துக்குப் பொருள் யாது, இன்ன வழக்கம் எக்காலத்தில் தோன்றியது, இச்சொல் முதன்முதல் எந்நூலிற் பயின்றது என்பன போன்ற வினாக்களை வாசகர் அனுப்புவர். அவற்றுக்கு விடை கூறுவோரும் வாசகரே. ஒக்ஸ்போட் ஆங்கிலப் பேரகராதியைத் தொகுத்த ஜேம்ஸ் மறே போன்ற பேரறிஞரும் தம் ஐயங்களை இவ்விதழில் வெளியிட்டு, அறிந்தோர் உதவியை நாடினர்.

இதழ் நடைபெற்ற முறையும் கவனித்தற்குரியது. ஓர் இதழில் வெளிவந்த வினாவுக்குப் பின்வரும் வாரங்களில் விடைகள் வெளியாகும். விடையின் தலைப்பிலேயே வினா வெளிவந்த தொகுதியும் பக்கமும் குறிக்கப்பட்டிருக்கும். எனவே வாசகர் எவரும் பின்னோக்கிச் சென்று, கேட்கப்பட்டது யாது, கூறப்பட்டது யாது என்று ஒப்புநோக்கலாம். ஒருவர் பிழைபடக் கூறினால் மற்றொருவர் அதே இதழில் அதனைத் திருத்துவார். பிழையும் திருத்தமும் ஒருங்கே அச்சிற் கிடத்தலால், ஓர் உண்மை எவ்வழியாக அறியப்பட்டது என்பதும் மறைவதில்லை.

இம்முறைக்கு ஏற்பட்ட கடுஞ் சோதனைகளுள் ஒன்று, நூறாண்டு கடந்து வாழ்ந்தோர்பற்றிய வினாவாகும். இன்ன ஊரில் ஒருவர் 110 வயதில் இறந்தார், மற்றோர் ஊரில் ஒருவர் 120 வயதில் இறந்தார் என்னுஞ் செய்திகள் அக்காலப் பத்திரிகைகளில் அடிக்கடி வெளிவந்தன. அவற்றுக்கெல்லாம் முன்மாதிரியாக விளங்கியது தோமஸ் பார் என்னும் உழவரின் கதை. 1635ஆம் ஆண்டு இலண்டனுக்கு அழைத்துவரப்பட்டு மன்னர் முன்னிலையிற் காட்டப்பட்ட அம்முதியவர், அவ்வாண்டிலேயே இறந்து வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் 152 ஆண்டு வாழ்ந்தார் என்று அவரது கல்லறை கூறுகின்றது. குருதியின் சுற்றோட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹாவே அவரது உடலை அறுத்துச் சோதித்தார். கல்லிற் பொறித்த எழுத்தும் பெரும் மருத்துவர் ஒருவரின் பெயரும் ஒருங்கு சேர்ந்தபின், இதனை ஐயுறுவார் யாவர்?

தொம்ஸ் ஐயுற்றார். ஹாவே ஆராய்ந்தது உடலை, வயதை அன்று. பாரின் வயதை அவரும் பிறர் சொல்லக் கேட்டே எழுதினார். பெரியார் ஒருவர் தாம் நேரிற் கண்டு கூறுவது வேறு. கேட்டதைத் திருப்பிக் கூறுவது வேறு. பார் பிறந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு 1483. இங்கிலாந்தின் திருச்சபைகளில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதியவேண்டும் என்னும் ஆணை 1538ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. ஆகவே அப்பிறப்புக்குப் பதிவுச் சான்று இருத்தற்கு இடமேயில்லை. 1670இல் இறந்த ஹென்றி ஜென்கின்ஸ் என்பவர்க்கு 169 வயது என்றனர். 1513இல் நிகழ்ந்த புளொடன் போர் தமக்கு நினைவிருப்பதாக அவர் கூறியதே அதற்கு ஆதாரம். அதாவது, வழக்காளியும் அவரே, சாட்சியும் அவரே.

தொம்ஸ் தம் ஆய்வுகளைத் தொகுத்து 1873ஆம் ஆண்டு ஒரு நூலாக வெளியிட்டார். அவர் கேட்டவை எளிய கேள்விகளே. பிறந்த காலத்தில் எழுதப்பட்ட பதிவு உண்டா? பதிவிலுள்ளவரும் இறந்தவரும் ஒருவர்தாமா? இரண்டாவது கேள்வியே பலரும் மறந்துவிடுவது. லிவர்பூல் நகரில் 1863ஆம் ஆண்டு 112 வயதில் இறந்ததாகக் கூறப்பட்ட மூதாட்டி ஒருவர்க்குப் பதிவேட்டுச் சான்றும் காட்டப்பட்டது. நுணுகி ஆராய்ந்தபோது, அப்பதிவு அதே பெயருடைய வேறொருத்திக்கு உரியதென்பதும், மூதாட்டியின் உண்மை வயது 91 என்பதும் புலனாயின.

இங்கே ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். அம்மூதாட்டியோ அவர் சுற்றத்தாரோ பொய் கூறினர் என்று கொள்ளவேண்டுவதில்லை. மூத்த குழந்தை இறந்தபின் அதன் பெயரையே அடுத்த குழந்தைக்கு இடும் வழக்கம் அந்நாட்டில் இருந்தது. முதுமையில் நினைவும் மயங்கும். ஊராரின் பெருமையும் ஆண்டுக்கு ஆண்டு சிறிது கூட்டிச் சொல்லும். இவை சேர்ந்தே வயதை வளர்க்கின்றன. ஆதலால் 'இது மெய்ப்பிக்கப்படவில்லை' என்று கூறுவது ஒன்று. 'இது பொய்' என்று பழிப்பது மற்றொன்று. முன்னையது நடுவரின் கடமை. பின்னையது அவருக்கு உரியதன்று.

எதனையும் நம்பாத மனம் கொண்டவரென்று தொம்ஸைக் கருதுதலும் தவறாகும். போதிய சான்று கிடைத்தவிடத்து, நூறாண்டைக் கடந்தோர் சிலரை அவர் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். நம்புதற்கும் மறுத்தற்கும் அவர் பயன்படுத்திய அளவுகோல் ஒன்றே. 1997இல் மறைந்த ஜான் கல்மோன் என்னும் பிரெஞ்சு மூதாட்டியின் 122 ஆண்டு வாழ்வே மனித ஆயுளில் மிக நீண்டதென இன்று ஏற்கப்படுவதும், அவர் பிறந்த நாள்முதல் எழுதப்பட்ட பதிவுகளின் வலிமையாலேயே ஆகும்.

புயலடித்த ஆண்டு, பெருவெள்ளம் வந்த ஆண்டு என்று முதியோரின் வயதைக் கணிப்பது நம் ஊர்களிலும் உண்டு. கோயிலின் தொன்மையையும் குடியின் பெருமையையும் இளைஞர் வினாவும்போது, 'பெரியோர் சொன்னார்கள்' என்னும் விடையோடு நாம் அமைந்துவிடுகின்றோம். அவ்விடையை இகழ வேண்டுவதில்லை. அதனை யார், எப்பொழுது, எதனைக் கண்டு சொன்னார் என்று பணிவோடு மேலும் ஒரு வினா எழுப்பினால் அதுவே போதும். தொம்ஸ் 1885ஆம் ஆண்டு மறைந்தார். அவர் தொடங்கிய இதழ் ஒக்ஸ்போட் பல்கலைக்கழக அச்சகத்தின் வெளியீடாக இன்றும் வருகின்றது. விடை தெரிந்தோர் பலர் இருந்தமையால் மட்டும் அது நிலைக்கவில்லை. கூறிய விடைக்குச் சான்று காட்டும் கடப்பாட்டை எழுதுவோர் ஏற்றமையாலேயே நிலைத்தது.