டானியல் காட்டும் வாயில்கள்

ஈழத்துத் தற்கால நாவலாசிரியருள் தனித்து நிற்பவர் 1986இல் மறைந்த கே. டானியல். அவர்தம் நாவல்களைத் தொடர்ந்து கற்பார், ஒடுக்கப்பட்டோர்க்கு அடைக்கப்பட்ட வாயில்களை ஒவ்வொன்றாகக் காண்பர். ‘பஞ்சமர்’ (1972) கோயிலையும் தேநீர்க்கடையையும் காட்டுகின்றது. ‘தண்ணீர்’ கிணற்றைக் காட்டுகின்றது. கிறித்தவந் தழுவின் விடுதலை கிட்டுமோ எனின், ஆங்கும் சாதி பின்தொடர்ந்தமையைக் ‘கானல்’ உரைக்கின்றது, அத்தலைப்பே விடையாகும்.

டானியலின் மாந்தர் தம் ஊர்ப் பேச்சையே பேசுவர். அத்தகைய எழுத்தை இழிசனர் வழக்கென ஒதுக்கினாரும் உளர். வாயிலில் மறிக்கப்பட்டவன் துயரைப் பிறர் நடையிற் கூறின், அவன் குரலையும் மறித்தவராவோம் அன்றோ?

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட வாயில்களும் ஒருகாலத்தில் எல்லார்க்கும் திறந்திருந்தனவல்ல. ஆதலின், கல்லூரியின் பெருமை பேசி விழாவெடுக்கும் நாம் இந்நூல்களை மாணாக்கர் கையிற் கொடுத்தல் கடனாகும்.