மொட்டை மாடிக் குழாய் ஏன் நொறுங்குகிறது?

கடலூர் உப்புக் காற்றில் இரும்புக் குழாய் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். பி.வி.சி.க்கு அந்தக் கவலை இல்லை. அதன் எதிரி வெயில். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு, மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு கழன்றுபோகிறது. மிஞ்சும் கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் வரிசைகட்டுவதால் குழாய் பழுப்பேறுகிறது. சங்கிலிகள் அறுபட அறுபட, லேசாகத் தட்டினாலே விரிசல் விடும். டேங்கிலிருந்து இறங்கும் பழைய குழாயைக் கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைத் தூள் ஒட்டும்.

அதைவிடப் பெரிய கவலை ஈயம். தயாரிப்புச் சூட்டில் பி.வி.சி. சிதையாமலிருக்க ஈயச் சேர்மங்களைக் கலந்துவந்தார்கள். அது சிறிதளவு தண்ணீரில் இறங்கலாம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதை நீக்க மத்திய அரசு விதிகள் கொண்டுவந்ததே 2021இல்தான். எனவே பழைய வீடென்றால், சமையலறை லைனை முதலில் மாற்றுங்கள். அதுவரை, இரவெல்லாம் தேங்கிய நீரைக் காலையில் கொஞ்சம் ஓடவிட்டு, பிறகு குடிக்கப் பிடியுங்கள்.

வெந்நீர் லைனுக்கு சி.பி.வி.சி.தான் போட வேண்டும். அதில் குளோரின் கூடுதல், சூட்டைத் தாங்கும். குழாய்களை ஒட்டப் பூசும் சால்வென்ட் இரு பரப்புகளையும் இளக்கி ஒன்றாக்குவதால், அது இறுகும்வரை தண்ணீர் திறக்கக் கூடாது. மாடியில் போகும் புதுக் குழாய்க்கு வெளிர்நிற பெயின்ட் அடித்துவிடுங்கள்.