தசைக்குப் பாடம் சொல்பவர்கள்

ஒரு சிறு சோதனை. ஒரு லிட்டர் தண்ணீர் நிரம்பிய பாட்டிலைக் கையில் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கை தரைக்குக் கிடையாக இருக்கும்படி நீட்டுங்கள். பாட்டிலின் எடை ஏறக்குறைய 1 கிலோ. ஆனால் உங்கள் மேற்கையிலுள்ள இருதலைத் தசை எவ்வளவு விசையுடன் இழுக்கிறது தெரியுமா? ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமமான விசையுடன்! முழங்கை மூட்டு இங்கே ஆதாரப்புள்ளி. தசை இழுக்கும் இடம் அதிலிருந்து சுமார் 5 செ.மீ. தொலைவில் உள்ளது, பாட்டிலோ சுமார் 35 செ.மீ. தொலைவில். இரு திருப்புத்திறன்களையும் சமப்படுத்திப் பாருங்கள். முன்கையின் சொந்த எடையையும் சேர்த்தால் விசை இன்னும் கூடும்.

பக்கவாதத்தால் தளர்ந்துபோன கைக்கு, பாட்டில் இல்லாமலே தன் எடையைத் தூக்கும் வலு இருக்காது. அப்படியானால் அந்தத் தசை செத்துவிட்டதா? இல்லை. பிசியோதெரபி என்னும் இயன்முறை மருத்துவம் பயின்றவர் நோயாளியின் கையை ஒரு வழுவழுப்பான பலகைமேல் கிடத்தி, பவுடர் தூவி உராய்வைக் குறைத்து, "இப்போது மடக்குங்கள்" என்பார். எடையைப் பலகை தாங்கிக்கொள்வதால், தூக்க முடியாத கை கிடையாக நகரும். தசையின் வலுவை 0 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு அளக்கிறார்கள். புவியீர்ப்பை எதிர்த்து அசைந்தால் 3. புவியீர்ப்பின் தடை நீங்கினால் மட்டும் அசைந்தால் 2. இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறச் சில நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் ஆகும். வகுப்பில் நாம் அரை மணியில் முடித்துவிடும் நெம்புகோல் பாடம் இதுதான்!

இந்தக் கலைக்கு நம் வேலூர் வட்டாரத்தில் பெரிய வரலாறு உண்டு. 1940களின் இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு அறுவை செய்யத் தொடங்கினார். விரலை மடக்கும் தசைநாண்களுள் ஒன்றை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யும்படி வேறு வழியில் இணைப்பார். கப்பியில் கயிற்றின் பாதையை மாற்றினால் இழுவிசையின் திசை மாறுமல்லவா, அதுபோல. அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் மூளைக்கு இந்த மாற்றம் தெரியாது. பழைய கட்டளையையே அனுப்பிக்கொண்டிருக்கும். கட்டுப் பிரித்தபின் வாரக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தத் தசையை எதற்காக இழுக்கவேண்டும் என்று கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். அவர் இல்லாவிட்டால் அறுவை வீண்.

பிராண்டிடம் இந்த அறுவையைக் கற்றவர்களுள் டாக்டர் மேரி வர்கீஸ் ஒருவர். 1954இல் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் போய்விட்டன. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை செய்தார்! பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமும் மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூருக்கே திரும்பினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இன்று ஆள் போக்குவரத்தின் திசை மாறிவிட்டது. செல்வ நாடுகளே ஆள் போதவில்லை என்று நம் பக்கம் பார்க்கின்றன. ஜெர்மனியும் ஆஸ்திரேலியாவும் பற்றாக்குறைத் தொழில்களின் பட்டியலில் இயன்முறை மருத்துவரைச் சேர்த்திருக்கின்றன. பணமிருந்தும் ஏன் இந்தத் தட்டுப்பாடு?

ஒரு கணக்குப் போடுவோம். ஒருவர் நாளில் எட்டு மணி நேரம் உழைக்கிறார். ஒரு நோயாளிக்கு 45 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் பத்துப் பேரைப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் மூன்று மாதம் நாள்தோறும் வந்தால், ஆண்டு முழுவதும் அவர் தேற்றிவிடுவது 40 பேரைத்தான். ஆம்பூரில் புதிய தையல் இயந்திரம் வந்தால் அதே நேரத்தில் கூடுதல் ஜோடி ஷூக்கள் தைத்துவிடலாம். தசை கற்கும் வேகத்தை எந்த இயந்திரத்தாலும் அப்படி விரட்ட முடியவில்லை.

இன்னொரு காரணம் வரலாற்றில் இருக்கிறது. இந்தத் தொழில் பேரிடர்களை ஒட்டியே வளர்ந்தது. முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களுக்காக அமெரிக்கா அவசரமாகப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 1952இல் அங்கே ஏறக்குறைய 58,000 பேரைப் போலியோ தாக்கியபோது தேவை மறுபடி எகிறியது. போர் ஓய்ந்தது, தடுப்பு மருந்தால் போலியோவும் அடங்கியது. (இந்தியாவில் இயற்கை வகைப் போலியோ வைரஸ் கடைசியாக ஒரு குழந்தையை முடக்கியது 2011இல்.) ஆனால் முதுமை என்னும் அலை வடிவதில்லை. ஜப்பானில் நூற்றுக்கு 29 பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். முன்பு பக்கவாதத்தில் இறந்திருக்கக்கூடியவர்கள் இன்று பிழைக்கிறார்கள்; பிழைத்தவருக்கு நடை பழக்கவேண்டும். அதே சமயம் அமெரிக்காவில் பட்டம் பெற்றபின்னும் சுமார் மூன்று ஆண்டுகள் பயின்றால்தான் இத்தொழிலுக்கு வரமுடியும். தேவை ஏறுகிறது, வாசலோ குறுகலாகிறது.

நம் பக்கம் நிலைமை என்ன? உலகில் 240 கோடி மக்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை பயன்படும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஏழை நாடுகள் சிலவற்றில் பத்து லட்சம் பேருக்குப் பயிற்சி பெற்றவர் பத்துப் பேர்கூட இல்லை. ஆள் குறைந்த நாடுகளிலிருந்து வலியப்போய் ஆள் எடுக்கவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு நெறிமுறை வகுத்தது. அது சட்டமன்று, வேண்டுகோள்தான். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் இயற்பியல் படித்த ஆம்பூர்ப் பெண் ஒருத்தி, பிறகு பிசியோதெரபி பயின்றாள். முதலில் சேர்ந்த இடத்தில் கிடைத்த சம்பளம், ஷூ கம்பெனிக்குப் போகும் அடுத்த வீட்டுத் தோழியின் சம்பளத்தைவிட அதிகமில்லை. இப்போது ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன ஆண்டு அவளுடைய தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்க வாரம் ஒருநாள்தான் ஆள் கிடைத்தார். மற்ற நாட்களில் அவளே வீடியோவில் சொல்லச் சொல்ல, பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி தாத்தாவின் கையைப் பிடித்தான். முழங்கை எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க அவனிடம் கருவி ஏது? ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்தான். மூட்டின்மேல் மையம் வைத்து முதல் நாள் அளந்தபோது 20 பாகை. நோட்டில் தேதியோடு குறித்து வைத்தான். நான் பார்க்கப்போன அன்று 65 என்று எழுதிக்கொண்டிருந்தான்.