அழ வைக்கிற பாட்டு ஏன் ஆறுதலாகவும் இருக்கு? அப்பாயி ஒப்பாரி முதல் அரேதா ஃபிராங்க்ளின் வரை!

ராத்திரி 11 மணி. திருச்சியிலிருந்து மதுரை போகிற பஸ். ஜன்னல் சீட், காதில் இயர்போன். விராலிமலை தாண்டும்போது ஏதோ ஒரு பழைய பாட்டு தானாக வருகிறது. உங்களுக்கு அன்றைக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. சம்பளம் வந்துவிட்டது, சாப்பிட்டாச்சு, வீட்டில் எல்லோரும் நலம். ஆனாலும் கண் கலங்குகிறது. பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்த்தால், "தூசி விழுந்துடுச்சுண்ணே" என்று சமாளிக்கிறீர்கள்.

எனக்கு இது அடிக்கடி நடக்கும். அந்த பஸ்ஸில் துவரங்குறிச்சியில் இறங்கி மருங்காபுரி போகிற ஆள் நான். கண்ணைத் துடைத்த பிறகு மனசு கனமாகத்தானே இருக்க வேண்டும்? ஏன் லேசாகிறது? இந்தக் கேள்வியோடு கொஞ்ச நாள் சுற்றினேன். பதில் எங்க ஊர் இழவு வீட்டிலேயே இருந்தது.

ஒருத்தர் இழுத்தா, எல்லாரும் சேருவாங்க!

எங்க அப்பாயி ஒப்பாரி வைப்பதில் கெட்டிக்காரி. ஊரில் ஒரு சாவு விழுந்தால் முதலில் அவருக்குத்தான் ஆள் வரும். அவர் ஒரு வரியை இழுத்துப் பாடுவார். சுற்றி, தோளோடு தோள் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்த வரியின் கடைசியில் சேர்ந்துகொள்வார்கள். செத்தவர் யாரென்றே தெரியாமல் வந்த பெண்ணும் பத்து நிமிஷத்தில் அழுவார். அவர் அழுவது வேறு யாருக்காகவோ. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் போன அண்ணனுக்காக, பிறந்து தங்காத பிள்ளைக்காக. ஒப்பாரிக்கு 'ஒப்புச் சொல்றது' என்றும் பேர் உண்டு. துக்கத்துக்கு ஒப்பு கிடைக்கும்போதுதான் அது வெளியே வருகிறது.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். அங்கே கறுப்பின மக்களின் தேவாலயங்களிலும் இதே அமைப்புதான். பாடுகிறவர் ஒரு வரி சொல்வார், சபை பதில் சொல்லும். அடிமைகளாக வயலில் வேலை பார்த்த காலத்திலிருந்து வரும் பழக்கம் அது. 1950-களில் ரே சார்லஸ், சாம் குக் போன்றவர்கள் அந்த தேவாலயப் பாட்டு முறையை எடுத்துக் காதலுக்கும் பிரிவுக்கும் பாடினார்கள். அதற்குத்தான் 'சோல் மியூசிக்' என்று பேர் வந்தது. சாமியிடம் கெஞ்சுகிற குரலிலேயே காதலியிடம் கெஞ்சினால் எப்படி இருக்கும்? அதுதான் சோல்.

ஒப்பாரிக்கும் சோலுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால், ரெண்டிலும் ஒரு குரல் கூப்பிடுகிறது. பதில் சொல்லும் இடத்தை நமக்கு விட்டுவைக்கிறது. உருக்குகிற பாட்டின் ரகசியம் இதுதான் என்று நினைக்கிறேன். இசைத்தட்டு வந்த பிறகு, சுற்றி யாருமே இல்லாத ஆளுக்கும் அந்தத் துணை கிடைத்தது.

உடம்புக்குள்ள என்ன நடக்குது?

பாட்டு கேட்டால் புல்லரிக்கும் இல்லையா? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நேரத்தில் மூளையை ஸ்கேன் செய்து பார்த்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். நல்ல சாப்பாடு கிடைக்கும்போது சுரக்கும் டோபமைன் அப்போதும் சுரக்கிறது. பாட்டு உச்சத்தைத் தொடும்போது மட்டுமல்ல, 'இதோ வரப்போகுது' என்று காத்திருக்கும் நொடிகளிலேயே சுரக்கிறது. தெரிந்த பாட்டே திரும்பத் திரும்ப அழ வைப்பதற்கு இது ஒரு காரணம்.

எந்த இடத்தில் கண்ணீர் வருகிறது? இங்கிலாந்தின் உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1991-ல் வெளியிட்ட ஆய்வில், கண்ணீர் வரவைத்த இடங்களைக் கேட்பவர்களையே குறித்துத் தரச் சொன்னார். மெட்டு தான் போய்ச் சேர வேண்டிய ஸ்வரத்துக்கு நேராகப் போகாமல், பக்கத்து ஸ்வரத்தில் ஒரு நொடி சாய்ந்து நின்று, பிறகு சேருகிற இடங்கள் அதில் நிறைய வந்தன. நமக்கு இது புதிதல்ல. கர்னாடக இசையில் ஸ்வரத்தை அசைத்து, இழுத்து, தடவிப் பாடும் கமகம் இல்லாமல் முகாரியும் இல்லை, சஹானாவும் இல்லை. அப்பாயி வரி முடிவில் குரலை இழுத்து உடைத்ததும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்தது.

இன்னொன்று. சோகப் பாட்டு கேட்பவர்களுக்கு வருவது வெறும் சோகமா? பெர்லினில் இருந்து நடத்தப்பட்டு 2014-ல் வெளியான ஆய்வில் 772 பேரிடம் கேட்டார்கள். அதிகம் பேர் சொன்ன உணர்வு சோகம் இல்லை; பழைய நினைவுகளின் மேல் வரும் ஏக்கம். அதாவது, பாட்டு நம்மை அழ வைப்பதில்லை. நாம் அழாமல் பாக்கி வைத்ததைத் தேடி எடுத்துக் கொடுக்கிறது.

கேட்டே ஆக வேண்டிய 5 குரல்கள்

1. கிட்டப்பா – கே.பி.சுந்தராம்பாள்

செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பா, கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். மைக் இல்லாத காலத்தில் நாடகக் கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கப் பாடிய ஜோடி. மேடையில் சேர்ந்தவர்கள் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள்; அதில் பிரிவும் மனக்கசப்பும் இருந்தன. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தரம்பாளுக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. ஆணுக்கு ஜோடியாக இனி நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கியது 1 லட்சம் ரூபாய். அதில் ஆண் வேடத்தில், நந்தனாராகவே நடித்தார்.

முதலில் யூட்டியூபில் கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேளுங்கள். அடுத்து 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் ஔவையாராக சுந்தராம்பாள் பாடுவதைக் கேளுங்கள். இடையில் 32 வருஷம். அந்தக் கனத்தை யாரும் விளக்காமலே உங்களுக்குப் புரியும்.

2. எம்.கே.தியாகராஜ பாகவதர்: 'ஹரிதாஸ்', 1944

நம்ம திருச்சிக்காரர். சின்னப் பையனாக இருந்தபோது, எஃப்.ஜி.நடேச ஐயர் திருச்சியில் போட்ட 'ஹரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறியவர். பாம்பு கடித்துச் செத்துப்போகும் அந்தப் பிள்ளை வேடம். தமிழ் மேடையே அழுத காட்சி அது.

1944 தீபாவளிக்கு வந்தது 'ஹரிதாஸ்'. பெற்றவர்களைத் துரத்திவிட்டுப் பிறகு திருந்தி உருகும் மகனின் கதை. பாட்டு பாபநாசம் சிவன். வாத்திய இசையை அமைத்த ஜி.ராமநாதன் நம்ம பிச்சாண்டார்கோயில்காரர். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைப் பார்த்த படம். ஆனால், அது வெளியான அடுத்த மாதமே லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைது. 1947-ல்தான் விடுதலை. யோசித்துப் பாருங்கள்: திரையில் மன்னிப்புக் கேட்டுப் பாடுகிறார், நிஜத்தில் சிறையில் இருக்கிறார், கொட்டகையில் ஜனம் அழுகிறது. 1959-ல் இறந்த அவருடைய சமாதி திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் இருக்கிறது.

3. அரேதா ஃபிராங்க்ளின்: 'அமேசிங் கிரேஸ்', 1972

பாதிரியாரின் மகள். அப்பாவின் சபையில் பாடிப் பழகியவர். சோல் இசையின் ராணி என்று உலகமே கொண்டாடிய பிறகு, 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு தேவாலயத்தில் ரெண்டு ராத்திரி உட்கார்ந்து பாடினார். ஸ்டூடியோ சுத்தம் கிடையாது. ஜனங்கள் கத்துவதும், கை தட்டுவதும், பதில் சொல்வதும் அப்படியே பதிவாகியிருக்கிறது. ஆங்கிலம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த ஆல்பத்தைக் கேட்டபோதுதான் எனக்கு அப்பாயியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

4. ஓடிஸ் ரெட்டிங்: கடைசிப் பதிவு, 1967

துறைமுகக் கரையில் சும்மா உட்கார்ந்து அலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவனின் பாட்டு. ஓடிஸ் அதைப் பதிவு செய்த சில நாள்களிலேயே, 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தார். வயது 26. பாட்டு அடுத்த மாதம் வெளிவந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. கடைசியில் வார்த்தை இல்லாமல் விசில் அடித்து முடிப்பார். ஒப்பாரியும் பல நேரம் வார்த்தை தீர்ந்து வெறும் இழுப்பாகத்தான் முடியும்.

5. ஸ்வர்ணலதா: 'கருத்தம்மா', 1994

பெண் சிசுக்கொலையைப் பேசிய பாரதிராஜா படம். ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் பாடியதற்கு ஸ்வர்ணலதாவுக்குத் தேசிய விருது. கவனித்துக் கேட்டால், அந்தக் குரல் எங்கேயும் கத்தாது. அழுகையைத் தொண்டையில் நிறுத்திவைத்துப் பாடும். மிச்ச அழுகை நம்முடையது. 2010-ல், 37 வயதில் அவரும் போய்விட்டார்.

மூணு நிமிஷத்துக்குள்ள ஒரு வாழ்க்கை

கிட்டப்பா காலத்து 78 சுற்று இசைத்தட்டு, அரக்கில் செய்தது. ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிஷம்தான் பாட முடியும். ராத்திரி முழுக்கப் பாடிப் பழகியவர்கள் அந்த 3 நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். கீழே போட்டால் உடைந்துவிடும். எத்தனையோ தட்டுகள் அப்படி உடைந்தே போயின. மிச்சம் இருப்பவை, யாரோ ஒருவர் துணி சுற்றிப் பெட்டியில் வைத்ததால் இருக்கின்றன.

அப்பாயி இறந்தது ஒரு மாசி மாதத்தில். ஊருக்கே ஒப்பாரி வைத்தவருக்கு இழுத்துப் பாட ஆள் இல்லை. இருந்த கிழவிகளுக்குக் குரல் போய்விட்டது, எங்களுக்கு வரி தெரியாது. கடைசியில் மைக்செட்காரர் பென்டிரைவில் இருந்த ஒப்பாரியைப் போட்டார். யாரோ ஒரு அம்மாவின் குரல். அது நன்றாகத்தான் இருந்தது, நாங்களும் அழுதோம். ஆனால், என் போனில் 128 ஜி.பி இடம் இருந்தும் அப்பாயி குரல் ஒரு நொடிகூட இல்லை. பிரியாணி வீடியோ இருக்கு, மழை வீடியோ இருக்கு. அது இல்லை.

அதனால் ரெண்டே ரெண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று: பாட்டு கேட்டு அழுவது பலவீனம் இல்லை. அழுது முடித்ததும் மனசு லேசானால் பாட்டு தன் வேலையைச் செய்துவிட்டது. ஆனால், ஒரே சோகப் பாட்டை வாரக்கணக்கில் ஓடவிட்டு, தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், கேட்கக் கேட்க இன்னும் கனமாகிறது என்றால் இயர்போனைக் கழற்றிவிட்டு ஒரு மனிதரிடம் பேசுங்கள். பேச ஆள் இல்லையென்றால், 14416 என்ற 'டெலி மனஸ்' எண்ணில் இலவசமாகப் பேசலாம். கூப்பிட்டால் பதில் சொல்ல ஒரு குரல் வேண்டும். பாட்டால் எப்போதும் அது முடியாது.

ரெண்டு: இந்த வாரம் ஊருக்குப் போனால் அப்பாயியோ அம்மாயியோ தாத்தாவோ, யார் இருக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். போனில் ரெக்கார்டரை ஆன் செய்து, "ஒரு பாட்டு பாடேன்" என்று கேளுங்கள். ஒப்பாரியைக் கேட்காதீர்கள், உயிரோடு இருக்கும் வீட்டில் பாட மாட்டார்கள். தாலாட்டு கேளுங்கள், நடவுப் பாட்டு கேளுங்கள். "போடா, எனக்கு எங்க பாட்டு வருது" என்று முதலில் வெட்கப்படுவார்கள். அதையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்.

மூணு நிமிஷம் போதும்.